பாய்மரத்துக்கு அடியில் வைத்த தகடு

மூன்று தரம் சவுக்காரம் போட்டுக் கழுவியும் கையில் செம்பின் மணம் போகவில்லை. தேசிக்காய்த் தோலால் உரஞ்சிப் பார்த்தேன்; அது மணத்தைக் கூட்டித்தான் விட்டது. மத்தியானம் சோற்றில் கையை வைத்ததும் முதலில் மூக்கில் ஏறியது அதுதான். கறியின் வாசம்கூடத் தெரியவில்லை. கையை உதறிவிட்டு எழும்பினேன். என்ன நடந்தது என்று மனைவி கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். "செத்துப்போன மனுசனோட என்னப்பா கோவம்?" என்றாள்.

செத்தவர்களைக் கோபிக்கக் கூடாது என்று எந்தப் புத்தகத்தில் எழுதிக் கிடக்கிறது? போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டோவுக்குள் சாய்ந்த நீ, ஆஸ்பத்திரி வாசலைக் காணவில்லை. எட்டாம் நாள் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் நான் முன்னுக்கு நின்று வேலை செய்தேன். நாலு பேர் முன்னால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "இவன் வாயில் பொய் வந்து நான் கண்டதில்லை" என்று சொன்னேன். சொன்னதைத் திருப்பி வாங்க ஏலாது. நீ உயிரோடு இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சாம்பல்தீவுக்கு வந்து, உன் வீட்டுப் படலையில் நின்றபடியே கேட்டிருப்பேன். அயலெல்லாம் எட்டிப் பார்க்கக் கேட்டிருப்பேன். இப்போது கடதாசியில்தான் கேட்க வேண்டிக் கிடக்கிறது.

மாசி மாதம் ரெட்டையின் பாய்மரத்தை இறக்கினோம். நீ பன்னிரண்டு வருடமாகப் பயணிகளை ஏற்றி ஓட்டிய, இரண்டு உடல் உள்ள அந்தப் பாய்ப்படகுக்குக் கரையில் எல்லாரும் வைத்த பெயர் ரெட்டை. அதன் சொந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஊருக்குப் போய்வருகிறேன் என்று அதை உள் துறைமுகத்தில் நங்கூரம் போட்டுவிட்டுப் போன வெள்ளைக்காரன் மூன்று வருடம் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வந்து உனக்கு விற்றான். அவன் அதைக் 'கற்றமரன்' என்று சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "எங்கட கட்டுமரத்தைக் கொண்டுபோய் வெள்ளையடிச்சு எங்களுக்கே விக்கிறான், பாத்தியா மச்சான்" என்றாய். அன்றைக்கே என் பட்டறைக்கு வந்து, வள்ளம் உன்னுடையது என்றும் அதில் இருக்கிற இரும்பெல்லாம் என்னுடையது என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாய். நானும் அதை மாட்டேன் என்று சொல்லவில்லை.

உப்பு எதையும் விடாது. ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வைத்தவனுக்குத் திருகோணமலைக் கடலைத் தெரியாது. பாய்மரத்தை நாலு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகள், அந்தக் கம்பிகளைப் படகோடு பூட்டுகிற தகடுகள், தகடுகளைப் பிடிக்கிற போல்ட்டுகள் என்று ஒவ்வொரு மாரிக்கும் சிலதைக் கழற்றிப் பார்ப்பேன். வெளியில் தெரிவதை மினுக்குவது உன் வேலை. பற்பசையும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க உரஞ்சுவாய். உள்ளே ஒளிந்து கிடப்பதைத் தோண்டுவது என் வேலை. ஒரு தடவை பக்கத்துத் தகட்டில் இருந்து ஒரு போல்ட்டை இழுத்தெடுத்தேன். தலை கண்ணாடி மாதிரி மினுங்கியது, வாலும் மினுங்கியது. படகின் பலகைக்குள் புதைந்திருந்த நடுப்பகுதி ஈர்க்குக் கனத்துக்குத் தேய்ந்திருந்தது. அதை உன் உள்ளங்கையில் வைத்தேன். நீ உடனே கையைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்தாய்.

"இதை ஆருக்கும் காட்டிப்போடாதை. சனம் பயந்துபோகும்."

நான் சிரித்தேன். மடையன் நான், சிரித்தேன். நீ எப்படிப்பட்ட ஆள் என்று அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

உன்னோடு சண்டைக்குக் கொழுவுவது லேசான காரியம் இல்லை. யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பாய். மனைவி கேட்டால் ஓம், மகள் கேட்டால் ஓம், நான் கேட்டால் அதற்கும் ஓம். இரண்டு பேர் ஒன்றுக்கொன்று எதிராகக் கேட்டாலும் இரண்டு பேருக்கும் ஓம். ஒரு நாள் இதைப் பற்றி உன்னிடம் நேரே கேட்டேன். "வீட்டில கொழுவிப்போட்டுக் கடலுக்குப் போகக்கூடாது மச்சான்" என்றாய், பெரிய ஞானி மாதிரி. கரையில் எல்லாரும் சொல்கிற பேச்சுத்தான் அது. ஆனால் மற்றவர்கள் கொழுவலைத் தீர்த்துவிட்டுக் கடலுக்குப் போவார்கள். நீ மூடிவிட்டுப் போவாய்.

அந்தச் செப்புத் தகட்டுக் கதையும் அப்படித்தான் தொடங்கியது. ஆறு வருடத்துக்கு முதல், கம்பிகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதற்காகப் பாய்மரத்தை இறக்கியிருந்தோம். அந்த மாரியில் பக்கத்துக் கரையான சல்லியில் இருந்து கடலுக்குப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. உன் மனுசி இந்திராணி அதற்குப் பிறகு இராத் தூக்கம் இல்லாமல் கிடந்தாள். கோயில் ஐயரிடம் போய்ச் செப்பில் யந்திரம் கீறுவித்து, ஒரு மண்டலம் பூசையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். மரத்தை நிமிர்த்துகிற அன்று காலையில் மஞ்சள் நூல் சுற்றிக் குங்குமம் வைத்து அதை ஏந்தியபடி இறங்குதுறையில் வந்து நின்றாள். உள்ளங்கை அகலத் தகடு.

"சாமியை நிப்பாட்ட முதல் அடியில யந்திரம் வைக்கிறதுதானே? அதே மாதிரி மரத்துக்கும் அடியில வைச்சால், அது நிண்டு காக்கும்" என்று உன்னிடம் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கும்பிடுகிற மனுசிக்கு அது சரியான நியாயம். ஆனால் அந்த மரம் கருங்கல் இல்லை, அலுமினியம்.

நான் உன்னை எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். ஞாபகம் இருக்கிறதா? இருக்க வேண்டும்.

"அலுமினியத்தில செம்பு முட்டக்கூடாது. உப்புத் தண்ணி பட்டால் செம்பு அப்பிடியே கிடக்கும், அலுமினியத்தைத் தின்னும்" என்றேன்.

"எவ்வளவு காலத்தில?"

"காலம் என்னடா காலம்? அஞ்சாறு வருசத்தில மரத்துக்கு அடி இராது. தகட்டை உள்ள அறையில, கதவுக்கு மேல ஆணியடிச்சு வை. காக்கிற சாமி அங்க இருந்தும் காக்கும்."

"ஓம் மச்சான். நீ சொன்னால் சரி. இவளைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, நான் பாக்கிறன்."

கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் திரும்பி வர மரம் நிமிர்ந்து நின்றது. கிரேன்காரன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு நின்றான். எடுத்துவிட்டாயா என்று கண்ணால் கேட்டேன். நீ சட்டைப் பையில் இரண்டு தரம் தட்டிக் காட்டினாய். அந்தப் பைக்குள் என்ன இருந்தது? சிகரெட் பெட்டியா? நான் அதைத் தகடு என்று நம்பி, மனம் ஆறி, வீட்டுக்குப் போய் நித்திரை கொண்டேன்.

பிறகு கண்டதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வருகிறது. உள்ளே கதவுக்கு மேல் தகட்டைக் காணவில்லையே என்று கேட்டபோது, வீட்டுச் சாமியறைக்குக் கொண்டுபோய்விட்டேன் என்றாய். கம்பிகளை இறுக்குகிற திருகுகள் வருடத்துக்கு வருடம் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. கம்பி ஏன் இவ்வளவு தொய்கிறது என்று கேட்டேன். "புதுக் கம்பி இழுபடும்தானே" என்றாய். இழுபட்டது கம்பி இல்லை. மரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சித்திரைக்கும் மரத்தின் அடியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடிப்பாய். அழகுக்கு அடிக்கிறாய் என்று நினைத்தேன். அதுவும் நீயாகத்தான் அடிப்பாய், மகளைக்கூடக் கிட்ட விடமாட்டாய். கூலிக்கு ஆள் பிடிக்காமல் தானே குந்தியிருந்து அடிக்கிறானே என்று உன்னை மெச்சினேன்.

இரண்டு வருடத்துக்கு முதல் புறாத்தீவுப் பக்கம் போன நாளைச் சொல்லவா? என் மகளும் மருமகனும் பேரனும் வந்திருந்தார்கள். பேரனுக்கு அப்போது நாலு வயது. மற்றப் பயணிகளும் எட்டுப் பேர் இருந்தார்கள். திரும்பி வரும்போது சோளகக் காற்று எழும்பியது. மரத்தின் அடியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. உலர்ந்த கதவை யாரோ திறந்து மூடுவது போல, அலை ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம். பேரன் அந்த மரத்தில்தான் சாய்ந்து கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். நான் உன்னைப் பார்த்தேன்.

"என்னடா சத்தம் அது?"

"காத்துச் சத்தம் மச்சான்."

சொல்லிவிட்டுப் பாயைப் பாதியாய் இறக்கினாய். எஞ்சினைப் போட்டாய். மெல்லமாக, பட்டும் படாமலும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாய். எவ்வளவு பக்குவமாக ஓட்டுகிறான் என்று அன்றைக்கு என் மருமகனிடம் உன்னைப் புகழ்ந்தேன். உனக்குத் தெரிந்திருந்தது. என் பேரனின் முதுகு எதில் சாய்ந்திருக்கிறது என்று உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக் காற்று என்றாய்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது இந்த மாசியில்தான், உன் மகளால். தர்சினிக்கு இப்போது இருபத்தெட்டு. ரெட்டையை இனி அவள்தான் ஓட்டுகிறாள். அந்தியேட்டி முடிந்த கையோடு என் பட்டறைக்கு வந்து, "அப்பா மரத்தை இறக்கிப் பாக்கவேணும், அடுத்த மாரிக்கு, அடுத்த மாரிக்கு எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர் மாமா. நான் இந்த மாரி முடிய இறக்கப்போறன். பாக்காமல் சனத்தை ஏத்த மாட்டன்" என்றாள். பாலையூற்றில் இருந்து கிரேன் பூட்டிய லொறி வந்தது. மரம் ஒரு சாண் உயர்ந்ததும் அடியில் இருந்து வெள்ளைப் பொடி கொட்டத் தொடங்கியது. விபூதிப் பையைக் கிழித்துவிட்டது போல. லொறிக்காரன் பகிடியாக, நெற்றியில் பூசலாம் என்றான். நான் மரத்தின் அடியைக் கையால் தடவினேன். பழைய பப்படம் மாதிரி விளிம்பு என் விரலோடு வந்தது.

அந்தப் பொடிக்கு நடுவில் பச்சைக் களிம்பு பிடித்தபடி தகடு கிடந்தது. கோடுகள் ஒன்றும் அழியவில்லை. ஒரு எழுத்தும் தேயவில்லை. காவலுக்கு வைத்தது காவல் நின்ற இடத்தையே தின்றிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சும்மாவா சொன்னார்கள்?

"அம்மாட தகடு!" என்று தர்சினி குனிந்து எடுத்தாள். எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். உன் கைபட்ட பொருள் ஒன்று எதிர்பாராமல் கிடைத்துவிட்டதே என்று அவளுக்குக் கண் கலங்கியது. பிறகுதான் மரத்தைப் பார்த்தாள். "ஏன் மாமா இப்பிடிப் போய்க்கிடக்கு?" என்றாள். "பழசு பிள்ளை, பாப்பம்" என்று சமாளித்தேன். அவள் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு தாயிடம் போனாள்.

மரத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, நீ அடித்த பெயின்ற்றைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தது. ஒன்று பால் வெள்ளை, ஒன்று மஞ்சள் ஓடிய வெள்ளை, ஒன்று நீலம் கலந்தது. கடையில் அந்தந்த வருடம் கிடைத்தது. ஆறு பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்குக் கீழும் பொங்கின அலுமினியத்தை நீ தட்டி, உரஞ்சி, ஓட்டைகளில் பசை அப்பி மட்டமாக்கியிருந்தாய். நல்ல வேலை. குறை சொல்ல ஏலாத வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நீ ஆறு தரம் மறைத்திருக்கிறாய்.

சுரண்டியை எறிந்துவிட்டு, பட்டறையில் தனிய நின்று உன்னைத் தூஷணத்தால் ஏசினேன். ஒருக்கால் பொய் சொன்னவனை மன்னிக்கலாம். மனைவியின் முகத்துக்காகச் சொன்னான், பிறகு மறந்துபோனான் என்று விடலாம். நீ மறக்கவில்லை. ஆறு சித்திரை அதற்கு முன்னால் குந்தியிருந்து, அது வளர்ந்ததைப் பார்த்திருக்கிறாய். ஒரு சொல், மச்சான். "நான் அண்டைக்கு எடுக்கேல்லை" என்ற ஒரு சொல். நான் உன்னை ஏசியிருப்பேன், அறைந்தும் இருப்பேன், அடுத்த நாளே மரத்தை இறக்கித் திருத்தித் தந்திருப்பேன். இந்திராணிக்குத் தெரியாமலேயே திருத்தித் தந்திருப்பேன். என் ஏச்சுக்கா பயந்தாய்? பதினொரு பேரின் உயிரை விட என் ஏச்சு உனக்குப் பெரிதாகத் தெரிந்ததா?

இரண்டு கிழமை, பதினாலு நாள் வேலை. கெட்ட பாகத்தை ஒன்றரைச் சாணுக்கு வெட்டி எடுத்தேன். போன உயரத்தை ஈடுகட்டத் தடித்த பிளாஸ்ரிக் கட்டை ஒன்றைக் கடைந்து, அதன்மேல் மரம் அசையாமல் நிற்க அலுமினியத்தில் ஒரு கிண்ணம் செய்தேன். பக்கத்துத் தகடுகள் எல்லாவற்றையும் கழற்றினேன். பதினாறு போல்ட்டில் ஏழு இடுப்பு ஒடுங்கிப் போயிருந்தது. எல்லாம் புதிது போட்டேன். ஸ்டெயின்லெஸ்சும் அலுமினியமும் முட்டுகிற இடமெல்லாம் நடுவில் பிளாஸ்ரிக் வளையம் வைத்து, அரிப்பைத் தடுக்கிற களி பூசி இறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்த வேலை. என் கையில் இருந்து போனதில் மிகத் திறமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்று காலையில் மரத்தை நிமிர்த்த ஏற்பாடு. கிரேன் வந்து நின்றது. தர்சினி ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்திராணி வந்தாள். தகட்டைப் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, புது மஞ்சள் நூல் சுற்றி, செவ்வரத்தம்பூவோடு தட்டில் கொண்டுவந்தாள். பொட்டில்லாத அவள் நெற்றியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அண்ணை, அவர் வைச்ச இடத்திலயே திருப்பி வையுங்கோ."

உன்னைப் போல ஓம் போட்டுவிட்டு ஒளிக்க எனக்கு மனமில்லை. வெட்டியெடுத்த துண்டை லொறியில்தான் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வந்து, தகட்டையும் அவள் கையில் இருந்து வாங்கி, இரண்டையும் பொருத்திக் காட்டினேன். தகட்டின் நாலு மூலையும் அந்த அரித்த பள்ளத்தில் அச்சாகப் போய் இருந்தது.

"தங்கச்சி, குறை நினைக்காதையுங்கோ. இது நல்ல நினைப்போட வைச்சதுதான். ஆனால் செம்பு அலுமினியத்தைத் தின்னும். இனி இதை அடியில வைக்க ஏலாது. உள்ள கதவுக்கு மேல நானே பூட்டித் தாறன்" என்றேன்.

அவள் அந்தப் பள்ளத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லித்தானே அண்ணை வைச்சவர்?"

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு அப்பவே மனசில கிடந்தது. கடல் தண்ணியில செம்பு சரிவருமோ எண்டு அவரைக் கேட்டனான். ரெண்டு மூண்டு தரம் கேட்டனான். 'அவனிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் வைச்சனான், இரும்பு தெரிஞ்சவன் சொல்லுறான், ஒரு பிரச்சினையும் இல்லையாம்' எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகுதான் நான் நிம்மதியாப் படுத்தனான்."

டேய். என்னிடம் பையில் தட்டிக் காட்டினாய். அவளிடம் என் பெயரைக் காட்டினாய். இரண்டு பேரையும் நித்திரையாக்கிவிட்டு நீ மட்டும் பெயின்ற் வாளியோடு விழித்திருந்தாய்.

தர்சினி கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஓமோ மாமா? நீங்களோ வைக்கச் சொன்னது?"

வாயைத் திறந்தால் போதும். இல்லை என்று ஒரு சொல். அது உண்மை, அதுவும் என் பக்கத்து உண்மை. ஆனால் இந்திராணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் இல்லை என்றால் அந்தத் துண்டு என்னவாகும் என்று அந்த ஒரு நொடிக்குள் தெரிந்துவிட்டது. கட்டிலில் பக்கத்தில் படுத்திருந்த மனுசன் ஆறு வருடமாய்ப் பொய் சொன்னான் என்று ஆகும். கேட்கப் போக ஆளில்லை. மகளோ உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத்தான் படகுக்கு வருகிறவள்.

"ஓம் பிள்ளை" என்றேன். "நான்தான் சொன்னனான். பிழை என்ரது."

அவ்வளவு லேசாக எனக்குப் பொய் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு தர்சினி பேசினாள். சத்தம் போடவில்லை. கிரேன்காரன் கேட்கிறானே என்று நிறுத்தவும் இல்லை.

"அம்மாக்கு இரும்பு தெரியாது. அப்பாக்கும் தெரியாது எண்டு வைப்பம். உங்களுக்குத் தெரியாதோ? தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லியிருக்க வேண்டியதுதானே? எத்தினை சனத்தை ஏத்தி இறக்கினனாங்கள் மாமா. கைக்குழந்தையளையும் ஏத்தினனாங்கள். மரம் சரிஞ்சு ஒரு ஆளிட தலையில விழுந்திருந்தால்? வருசா வருசம் வந்து போல்ட்டுக் கழட்டிப் பாத்தனீங்கள். இதைப் பாக்கேல்லையோ? உங்கட பேரனும் அதில வந்தவன். அவனை நினைச்சாவது ஒருக்கால் குனிஞ்சு பாத்திருக்கக் கூடாதோ?"

ஒரு சொல்லும் பிழையில்லை. நான் இந்த இரண்டு கிழமையும் உனக்கென்று பல்லுக்குள் சேர்த்து வைத்த ஏச்சு முழுவதும் அது. பேரனைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. நீ நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, முழுவதையும் கேட்டேன். இடையில் ஒரு தரம் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். அவள் அதற்கும் கோபப்பட்டாள்.

"இண்டைக்கு மரம் ஏத்தேல்லை" என்று கிரேன்காரனிடம் சொன்னாள். "கிண்ணியாவில ஒரு ஆள் இருக்கிறாராம். அவரைக் கூட்டிவந்து எல்லாத்தையும் காட்டிப்போட்டுத்தான் ஏத்துவன். மாமா, நீங்கள் இனி ரெட்டையில கை வைக்க வேண்டாம்."

அப்படித்தான் செய்ய வேண்டும். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கிண்ணியாக்காரர் வந்து தட்டிப் பார்ப்பார், ஒரு பிழையும் பிடிக்கமாட்டார். மரம் ஏறும். இந்திராணி தகட்டை என் கையில் இருந்து வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். என் மேல் கோபம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நான் என் சாமான்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இறங்குதுறையில் இருந்து வேலை முடிக்காமல் எழும்பினேன்.

சைக்கிளை எடுக்கும்போது பின்னால் தர்சினி வந்தாள். இப்போதுதான் அழுதுகொண்டிருந்தாள். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அப்பா வாயால எல்லாருக்கும் ஓம் எண்டுவார் மாமா. ஆனால் ஒருத்தரையும் நம்பமாட்டார். உங்களை மட்டும்தான் நம்பினவர்."

உப்புவெளி வரும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு மிதித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சந்தி வளைவில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியதாய்ப் போயிற்று. அவள் சொன்னது சரிதான். என்றைக்காவது அந்த மரம் இறங்கும், தகடு வெளியே வரும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்திராணிக்கு முன்னால் நான் இல்லை என்று சொல்லமாட்டேன் என்று நம்பித்தான் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். நீ நம்பியது பிழைக்கவில்லை, மச்சான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.